அணில் சாகுல்

செவ்வாய்க்கிழமை காலை செல்வம் போன் செய்தான். "ஏலே குருசாமி, அணில் சாகுல் போயிட்டாம்லே. சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சு எடுக்காக. உடனே பஸ் ஏறு" என்றான். சாவுச் செய்தியிலும் அந்தப் பட்டப்பெயர்தான் முன்னால் வந்தது. அழுகைக்கு முன்பே எனக்கு எரிச்சல் வந்தது. சிவகாசியில் அவனை அப்படிக் கூப்பிட்ட பலருக்குக் காரணம் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் தப்பாகத்தான் தெரியும். அவனை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் ஒரு ராக் குழு வைத்திருந்தோம். சிவகாசியில் ராக் குழுவா என்று சிரிக்க வேண்டாம், ஊர் அன்றைக்கே வேண்டிய மட்டும் சிரித்துவிட்டது. நான் கிதார் வாசித்துக்கொண்டு பாடுவேன். செல்வம் இன்னொரு கிதார், ராஜப்பா டிரம்ஸ். சாகுலுக்கு எந்த வாத்தியமும் தெரியாது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து அவன் மாமா கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் அவனிடம்தான் இருந்தது. அதனாலேயே எங்கள் மூவருக்கும் அவன் எஜமானன் ஆகிவிட்டான்.

அவன் அத்தாவுக்குக் காகித வியாபாரம். வீட்டு மாடி அறையில் கூரை வரை காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கும். சத்தம் எதிரொலிக்காது என்று அதையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினான். இருந்தது ஒரே ஒரு மைக். அது தொட்டில் கொக்கியில் தொங்கும். கிதார்களை வீட்டு ரேடியோப் பெட்டியில் இணைத்திருந்தான். பெரிய டிரம்முக்குள் அச்சகத்தில் வெட்டிப் போட்ட காகிதத் துண்டுகளைத் திணித்தான். யார் சத்தம் கூட வேண்டும், யார் சத்தம் குறைய வேண்டும் என்பதையெல்லாம் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுத் தீர்மானித்தான். "மாப்ள, ரெண்டு விரக்கடை பின்னால போ. ஒன் தொண்டை செல்வம் கிதாரை முழுங்குது" என்பான். போனால், "எம்புட்டு தூரம் போற, வா முன்னால" என்பான். வேர்த்து வழிய நாங்கள் நகர்ந்துகொண்டே இருப்போம்.

எல்லாவற்றையும்விட வதை, எங்களிடம் ஒரே ஒரு ஸ்பூல் டேப்தான் இருந்தது. அடுத்த முறை பதிய வேண்டுமென்றால் முந்தையதை அழித்தாக வேண்டும். அச்சகங்கள் ஓயும் ஞாயிறுகளில்தான் பதிவோம். ஒரு ஞாயிறு நான்கு நிமிடப் பாட்டு பிசிறில்லாமல் போனது. கடைசி வரியில் நாரணாபுரம் பக்கம் எவனோ புது அணுகுண்டுப் பட்டாசு ஒன்றை வெடித்துப் பார்த்தான். ராஜப்பா குச்சிகளை வீசி எறிந்தான். "இருக்கட்டும்ப்பா, ராக்குன்னா வெடிச் சத்தம் இருக்கக் கூடாதா?" என்று செல்வம் கெஞ்சினான். சாகுல் டேப்பைப் பின்னுக்குச் சுற்றினான். "இன்னொரு தரம்" என்றான். அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை பரபரக்கும்.

இந்த நிலையில் சென்னையில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனி, பதிவை அனுப்புங்கள், கேட்டுப் பார்க்கிறோம் என்று எழுதியது. அதே சமயம் ராஜப்பாவுக்கு வடக்கே இரும்பு ஆலையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை ரயில். அவன் போனால் குழு இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

வியாழன் மதியம் ஒத்திகைக்குக் கூடினோம். பக்கத்து அச்சகங்கள் சீசன் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒத்திகைதானே என்று சாகுல் டேப்பை ஓட விட்டான். அன்றைக்குப் பார்த்து எல்லாம் கூடி வந்தது. போட்டுக் கேட்டோம். காகிதக் கட்டுகளின் புண்ணியத்தில் மெஷின் சத்தம்கூட இல்லை. "இதையே அனுப்புலே" என்றேன். சாகுல் மேசை விசிறியைப் பார்த்தான். "விசிறி சவலையாச் சுத்துது பாரு மாப்ள. இந்த மதியக் கரண்டு மேல எனக்கு நம்பிக்கை இல்ல. ஞாயித்துக்கிழமை இன்னொரு தரம்."

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தரம் என்றால் இந்தப் பாட்டு அழியும். அதை நினைக்கவே என்னால் முடியவில்லை. மறுநாள் அவன் ஜும்மாவுக்குப் போன நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனேன். "சாகுல் டேப்பை வாங்கிட்டு வரச் சொன்னான்மா" என்று அவன் அம்மாவிடம் பொய் சொன்னேன். அந்தம்மா, "சாப்பிட்டீகளா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்கள். தபாலாபீஸ் போய் அனுப்பிவிட்டேன்.

ஞாயிறன்று குச்சியும் கையுமாக வந்த ராஜப்பா, "டேப் எங்கப்பா?" என்றான். நான் வாயைத் திறக்குமுன் சாகுல், "நாந்தான் அனுப்பிட்டேன். வியாழக்கிழமை பதிஞ்சதே நல்லாத்தான இருந்துச்சு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசிக்க வந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். திங்கட்கிழமை ராஜப்பா ரயிலேறினான்.

ஒரு மாதம் கழித்து டேப் திரும்பி வந்தது. கூடவே ஒரு வரிக் கடிதம்: சிறுவர் பாடல்களை நாங்கள் வெளியிடுவதில்லை. ஒன்றும் புரியாமல் ஞாயிறு காலை போட்டுக் கேட்டோம். அச்சகங்கள் ஓய்ந்து விசிறி பறந்துகொண்டிருந்தது. பாட்டும் பறந்தது. என் குரல் அணில் கத்துவதுபோல் கீச்சிட்டது. வியாழனன்று அத்தனை மெஷினும் கரண்டை இழுத்ததில் டேப் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. அதே மந்தக் கரண்டில் போட்டுக் கேட்டதால் எங்களுக்குத் தெரியவில்லை. செல்வம் விழுந்து விழுந்து சிரித்தான். "வோல்டேஜை நான் பாத்திருக்கணும். என் தப்பு" என்றான் சாகுல். அன்று முதல் அவன் அணில் சாகுல்.

பார்த்தான் ஐயா! அவன் ஒருத்தன்தான் விசிறியைப் பார்த்தான். மூன்று நாள் பொறுக்காதவன் நான். பிற்பாடு எத்தனையோ முறை செல்வத்திடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சாகுலிடம் சொல்லியிருக்கிறேன். "விடு மாப்ள. நீ அணில்னா ஒன்னால தாங்க முடியாது, எனக்குப் பழகிப் போச்சு" என்பான். அந்தப் பெருந்தன்மை மீது எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அதற்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்ட என் மீதும்தான்.

அடக்கம் முடிந்ததும் அவன் மகள் அந்த ஸ்பூலைக் கொண்டுவந்து தந்தாள். "அத்தா ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னாக மாமா." மதுரையில் என் பேரன் அதை எங்கோ கொடுத்து, கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைத்து வாங்கி வந்தான். இத்தனை வருடம் கழித்து எங்கள் பாட்டை அதன் சொந்தக் குரலில் கேட்டேன். இரண்டாவது சரணத்தில் நான் சுருதி விலகியிருக்கிறேன், நன்றாகவே விலகியிருக்கிறேன். கரண்டு சரியாக இருந்திருந்தாலும் அது அனுப்பக் கூடிய பாட்டில்லை.

செல்வம், ராஜப்பா, அவனை அப்படிக் கூப்பிட்ட எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் என்னுடையது, இனி நான் வைத்துக்கொள்கிறேன். அவனிடமிருந்து வேறு எதுவும் என்னிடம் இல்லை, அந்த டேப்பின் கடைசிச் சில நொடிகளைத் தவிர. பாட்டு முடிந்ததும் சாகுல் மெதுவாக, "நல்லாருக்கு மாப்ள. இன்னொரு தரம்?" என்று கேட்கிறான். "போதும்லே, நிறுத்து" என்கிறது என் குரல்.

அவன் நிறுத்திவிட்டான்.