பாதி விலைக்கு வந்த இரண்டாவது கிட்டார்

அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. மாலை ஆறே முக்கால் மணிக்கு யாருக்குத் தூக்கம் வரும்? கேட்டவர்கள் எல்லோரும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கைச்சரக்கு எதுவும் சேர்க்கவில்லை.

பகலில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பின்பக்க அறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துவேன். சாயங்காலம் கிட்டார். நாங்கள் மூன்று பேர் கொண்ட குழு. நான் கிட்டார், என் நண்பன் பேஸ் கிட்டார், அவனுடைய சித்தப்பா மகன் டிரம்ஸ். நண்பனுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் கோந்து. ஒட்டினால் விடமாட்டான். பத்தொன்பது வருடப் பழக்கம். என் அம்மா இறந்தபோது மூன்று நாள் என் வீட்டிலேயே கிடந்தான். நான் சாப்பிடும்வரை அவனும் தட்டைத் தொடவில்லை.

ஒரு ஓட்டலில் சனிக்கிழமைதோறும் வாசிக்கும் வாய்ப்பு எங்களுக்கு வந்தது. மேலாளர் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு. கிட்டார் மட்டும் பத்து நாள் பட்டினி கிடந்த மாதிரி ஒல்லியா இருக்கே" என்றார். வருகிற சனிக்கிழமை மறுபடி வாசித்துக் காட்டச் சொன்னார்.

"ஒரு கோரஸ் பெடல் வாங்கிடு மச்சான். உன் கிட்டாருக்குச் சதை வச்சிடும்" என்றான் கோந்து.

கோரஸ் பெடல் என்பது காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டி. கிட்டாருக்கும் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் நடுவில் அதை இணைக்க வேண்டும். நாம் வாசிப்பதை அது நகல் எடுக்கும். அந்த நகலை இம்மி பிந்த வைத்து, சுருதியை லேசாக அசைத்து, அசலோடு கலக்கும். கேட்பவர்களுக்கு இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். அவ்வளவுதான் அதன் வித்தை.

திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் இசைக்கருவிக் கடைக்குப் போனோம். என் சம்பளத்துக்கு ஏற்ற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் மூன்றை எடுத்து வைத்தாள். முதலாவது பிளாஸ்டிக். மிதித்தால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது, சத்தமும் கிணற்றுக்குள் விழுந்த ரேடியோ போல் இருந்தது. இரண்டாவது தீப்பெட்டி அளவு, சத்தம் தேன். ஆனால் பேட்டரி போட இடமில்லை, மின்சாரத்துக்குத் தனி அடாப்டர் வாங்க வேண்டும். மூன்றாவதன் விலையைக் கேட்டதும் நானே அதை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

"கீழ்த்தட்டுல நீலமா ஒன்னு இருக்கே, அதைக் காட்டுங்க" என்றான் கோந்து.

கீழ்த்தட்டு என் முழங்காலுக்கும் கீழே இருந்தது. அவன் குனியவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பழைய பெடல். ஓரங்களில் நீலம் உரிந்து இரும்பு தெரிந்தது. இரண்டே குமிழ்கள்: ஒன்று நகல் அசையும் வேகத்துக்கு, ஒன்று அது கலக்கும் ஆழத்துக்கு. வாசித்துப் பார்த்தேன். இரைச்சல் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தது போல் ஒரு சத்தம். விலை, அந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் விலையில் பாதி.

"இது கடைச் சரக்கு இல்லைங்க" என்றாள் அந்தப் பெண். "ஒருத்தர் வித்துக் குடுக்கச் சொல்லி வச்சிட்டுப் போனது. திருப்பி எடுக்க மாட்டோம்." என்னிடம்தான் சொன்னாள். பார்த்தது கோந்தை.

"கண்ணை மூடிக்கிட்டு எடு" என்றான் அவன். டீக்கடையில் கூட என்னைப் பர்ஸைத் திறக்க விடாதவன், அன்றைக்கு ஒதுங்கி நின்றான். "நீயே குடு மச்சான். உன் கையால குடு."

கொடுத்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள், நான் ஒருவன். உள்ளறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தேன், சத்தம் வெளியே போகாமல் இருக்க. கதவைச் சாத்தினேன். கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டு மணிக்கு மேல் கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையைத் தட்டுவார் என்பதால். 6.46.

முதல் பத்து நிமிடம் சொர்க்கம். என் ஒல்லிக் கிட்டாரா இது என்று எனக்கே சந்தேகம். சனிக்கிழமை மேலாளர் வாயடைத்து நிற்பதை மனதுக்குள் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

6.57. கழுத்து அரித்தது. பாட்டின் நடுவில் நிறுத்தினேன். உள்ளங்கையால் தந்திகளை அமுக்கினேன்.

அடுத்த இரண்டு சுரங்கள் வந்தன. நான் வாசிக்காத இரண்டு சுரங்கள்.

நகல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஆனால் அந்தப் பிந்தல் கண் சிமிட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. பழைய பொருள், ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி ஆரம்பித்தேன்.

7.01. மூன்றாவது வரியில் விரல் வழுக்கியது. தப்பாக வாசித்தேன்.

அது சரியாக வாசித்தது.

கை நின்றுவிட்டது. அதே வரியை, வேண்டுமென்றே, தப்பாக வாசித்தேன். என்னுடைய தப்பு கேட்டது. அதன் மேலேயே, சுத்தமாக, சரியான சுரமும் கேட்டது. கொஞ்சம் அழுத்தமாக. பொறுமை இழந்த வாத்தியார் போல.

7.04. ஆழத்துக்கான குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். இரண்டாவது கிட்டார் மறைந்திருக்க வேண்டும்.

இன்னும் தெளிவாகக் கேட்டது.

இப்போது அது பிந்தி வரவில்லை. நான் தந்தியைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் வந்தது.

7.07. காலால் ஸ்விட்சை மிதித்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

சத்தம் அணையவில்லை.

கிட்டாரிலிருந்து கேபிளைப் பிடுங்கினேன். கிட்டாரைக் கட்டிலில் வைத்தேன். கை காலியாக நின்றேன்.

ஆம்பிலிருந்து அது வாசித்துக்கொண்டிருந்தது. தந்தியில் விரல் நழுவும் சத்தம்... கிரீச்... கிரீச். யாரோ மூச்சு இழுக்கும் சத்தம்.

நான்கு வரி வாசித்தது. நிறுத்தியது.

நிசப்தம்.

அதே நான்கு வரி. அதே இடத்தில் நிறுத்தம்.

மூன்றாவது முறைதான் புரிந்தது. அது நான் ஆரம்பிக்க வேண்டிய இடம்.

எனக்காகக் காத்திருந்தது.

7.11. கோந்துக்குப் போன் அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் போல.

நான் வாயே திறக்கவில்லை.

"உனக்கு முன்னாடி வாசிக்க ஆரம்பிச்சிடுச்சா?" என்றான்.

பின்னால் நான்கு வரி முடிந்து, மறுபடி அந்த நிறுத்தம்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மச்சான்... கோவப்படாத."

"எப்படிடா தெரியும்?"

"அது வேற குழுவுல என்கூட வாசிச்சவனோடது. செத்துட்டான்டா. செத்தவன் வாசிக்கிறான். பதினோரு மாசம்... பரண்ல போட்டேன், கேட்டுச்சு. பூட்டி வச்சேன், கேட்டுச்சு. இன்னொருத்தர் தன் காசு குடுத்து வாங்கினா என்னை விட்டுடும்னு தோணுச்சு. நான்தான் கடையில வச்சேன்."

"ஊருல இத்தனை பேர் இருக்காங்க. ஏன்டா என்கிட்ட?"

அவன் வீட்டில் குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"எனக்குப் புள்ள இருக்கு மச்சான். உனக்குன்னு... யாரும் இல்லையே."

அந்த அறையில் அப்போது பேய் இருந்தது. சத்தியமாக, அதன் பயம் ஒரு நிமிடம் எனக்கு மறந்து போனது.

போனை அணைத்தேன். மண்டியிட்டேன். ஒரு நாணயத்தால் பெடலின் அடிமூடியை நெம்பினேன். மூடி இரண்டு முறை வழுக்கியது. மேலே அது வாசித்துக்கொண்டே இருந்தது. வேகம் கூடியது. அவசரம்... கெஞ்சல் போல...

7.15. பேட்டரியைப் பிடுங்கினேன்.

பாதிச் சுரத்தில் நின்றது.

அன்றிரவு எல்லா விளக்குகளையும் போட்டுக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கோந்து பதினான்கு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. விடிந்த பிறகுதான் அடிமூடியைச் சரியாகப் பார்த்தேன். உள்பக்கம் காகித நாடா ஒட்டி, ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தது. பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. இறந்தவனின் பொருள் அவன் வீட்டில் இருப்பதுதான் முறை என்று தோன்றியது. கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். அவனுடைய பெடல் ஒன்று என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்து தரலாமா என்று கேட்டேன்.

"கொண்டு வாங்களேன்" என்றாள். "அண்ணன் வீட்லதான் இருக்காரு."

எந்த அண்ணன் என்று கேட்காமல், விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். இரண்டாவது மாடி. ஒரே அறையில் தையல் மிஷினும் கட்டிலும். பள்ளிச் சீருடைகள் மலை போல் குவிந்திருந்தன. கட்டிலில் அவன் படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை. மார்பு ஏறி இறங்கியது.

செத்தவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

தங்கை மிஷினிலிருந்து எழுந்து எனக்கு நாற்காலி போட்டாள். பதினோரு மாதம் முன்பு ஒரு கல்லூரி மேடையில் விளக்கு மாட்ட ஏணியில் ஏறினானாம். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் போன் வந்ததென்று கையை விட்டானாம். அன்றிலிருந்து பேச்சில்லை, அசைவில்லை. "காதும் கேக்காது, நினைவும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பெடல்?"

"அன்னைக்கே மேடையிலருந்து காணாமப் போச்சு. யாரோ எடுத்துட்டாங்கன்னு நினைச்சோம்."

அவள் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவள் போல மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஒன்னு மட்டும் இருந்துச்சுங்க. தினமும் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு இடது கை விரல் மட்டும் ஆடும். கிட்டார் பிடிக்கிற மாதிரியே. நடுவுல நிக்கும். யாருக்கோ காத்திருக்கிற மாதிரி. மறுபடி ஆடும். நான் மிஷினை நிறுத்திட்டுப் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருப்பேன். அந்த ஒன்னை வச்சுத்தான் தெம்பா இருந்தேன்."

"இருந்தேன்னு சொல்றீங்க?"

"நேத்து நின்னுடுச்சுங்க. ஏழே காலுக்கு. வேகமா ஆடிட்டிருந்தது... அப்படியே நின்னுடுச்சு."

போர்வை மேல் கிடந்த கையைப் பார்த்தேன். மூன்று விரல்கள் மடங்கி, சுண்டுவிரல் மட்டும் பாதி நீண்டு நின்றிருந்தது. கிட்டார் வாசிக்கும் யாருக்கும் அந்தப் பிடி தெரியும். நான் பேட்டரியைப் பிடுங்கியபோது பாதியில் அறுந்த சுரம் அங்கே இருந்தது.

அன்றே கடைக்கு ஓடிப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கி வந்தேன். 6.45க்கு அந்தக் கட்டில் பக்கத்தில், என்னுடைய சின்ன ஆம்பில், அதே பாட்டை வாசித்தேன். வேண்டுமென்றே மூன்றாவது வரியைத் தப்பாக வாசித்தேன். தப்பு தப்பாகவே கேட்டது. கோரஸ் பெடல் ஒழுங்காக வேலை செய்தது. இம்மி பிந்தி, லேசாக அசைந்து... என்னுடைய நகல் மட்டும்.

ஓட்டலுக்கு நான் போகவில்லை. வேறு ஒருவனை வைத்து வாசித்தார்களாம், வாய்ப்பும் கிடைத்ததாம். நான் தினமும் அந்த மாடி ஏறுகிறேன். விரல் இன்றுவரை அசையவில்லை. செய்தது நான்தான் என்று அவளிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள், நான் கிளம்பும்போது, அவள் படிக்கட்டு வரை வந்தாள். அண்ணனுடைய நண்பர்களில் இவ்வளவு நாளில் ஒருவர்தான் விசாரிப்பார் என்றாள். பேஸ் வாசிப்பவர். நேரில் ஒரு நாளும் வந்ததில்லை. தினமும் எட்டு மணிக்குப் போன் மட்டும் வருமாம். எப்படி இருக்கான் என்றுகூடக் கேட்கமாட்டாராம். ஒரே கேள்விதானாம்: விரல் ஆடுதா?

"செவ்வாய்க்கிழமையும் கேட்டாரு" என்றாள். "நின்னுடுச்சுன்னு அழுதுட்டே சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"'அப்பாடா'ன்னாருங்க. வச்சிட்டாரு. அதுக்கப்புறம் போன் வரல."