இரண்டு தட்டிலும் ஒரே மஞ்சள்

செல் வளர்க்கும் கூடத்தில் அவளைச் சமையல்காரி என்பார்கள். நோயாளியின் தோலில் எடுத்த துணுக்கைத் தட்டில் இட்டு, இளஞ்சிவப்புச் சத்துநீரை மாற்றி மாற்றி ஊற்றி, செல்களைப் பெருக்குவது அவள் வேலை. கோபக்காரி. ஒரு தட்டு கெட்டுப்போனால் அன்று முழுக்க யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் மகளுக்குப் பள்ளிக்கூட வயதில் கண் மங்கியது. பிறகு பேச்சு போனது, நடை போனது. செல்லுக்குள்ளே கழிவைக் கரைக்கும் சின்னச் சின்னப் பைகள் உண்டு. அவை பிறவியிலேயே பழுது. கரையாத கழிவு சேர்ந்து சேர்ந்து மூளையின் நரம்புச் செல்கள் செத்தன. இது வர, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்தாக வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஆனாலும் மகள் செத்த அன்று, பிணத்தை எடுப்பதற்கு முன்பே நாத்தனார் வாய் திறந்தாள்.

"உன் ரத்தந்தான் எங்க பிள்ளைய தின்னுடுச்சு."

புருஷன் கல்லாட்டம் நின்றான். பிறகு விலகியும் போனான்.

மகளின் தோல் செல்களை மட்டும் அவள் விடவில்லை. உறையவைத்த குப்பியிலிருந்து எடுத்து ஊட்டி வளர்ப்பாள். சந்தேகத்தோடு வரும் ஒவ்வொரு குழந்தையின் செல்லையும், நோயுள்ளது என்று தெரிந்த ஒரு தட்டோடு ஒப்பிடவேண்டும். அந்தத் தட்டு அவள் மகளுடையது.

இப்போது நாத்தனாரின் மகனுக்குக் கண் மங்கியது. நாத்தனார் சொந்தத்திலேயே கல்யாணம் கட்டிக்கொண்டவள், பழுது இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது. பையனின் தோல் துணுக்கும் இதே கூடத்துக்கு வந்தது. அதே நோய்தான் என்று டாக்டர் சொன்னதை நம்பாமல் நாத்தனார் நேரே கூடத்துக்கு வந்து நின்றாள்.

"எங்க வம்சத்துல இது கிடையாது. நீயே பார்த்துச் சொல்லு."

"நான் எதுக்கு? நீங்களே பாருங்க அண்ணி."

இந்த நாளுக்காகத்தான் சமையல்காரி கறுவிக்கொண்டிருந்தாள். நுண்ணோக்கியில் நீல ஒளியைப் போட்டு ஒரு தட்டை வைத்தாள், பிறகு இன்னொன்றை. இரண்டிலும் கரையாத கழிவு மஞ்சள் புள்ளிகளாக மினுங்கியது.

"ஒண்ணு உங்க பையன், ஒண்ணு என் பொண்ணு. எது எதுன்னு சொல்லுங்க."

நாத்தனார் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அந்தப் பையன்மேல் பாசம் இருந்தும் சமையல்காரிக்கு வயிறு குளிர்ந்தது.

"உன் பொண்ணோடது இன்னும் உசுரோடவா இருக்கு?"

"ஊட்டுற வரைக்கும் இருக்கும்."

"என் பையனுக்கும் நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா… இப்படி வெச்சுக் காப்பாத்துவியா?"

"காப்பாத்துறேன். முதல்ல உங்க தம்பிக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அவர் ரத்தமும் சேர்ந்துதான் என் பிள்ளைய தின்னுச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க."

நாத்தனார் தம்பியின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். சமையல்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மணி அடித்து நின்றது. "சொல்லுக்கா" என்றான் தம்பி.