அஸ்மத் சொன்ன புத்தகங்கள்

ஆதிலட்சுமி வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, உதவியாளராக ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதிலேயே அதற்கான வயது போய்விட்டது. அம்மாவும் போன பிறகு, கடன் போட்டுக் கட்டிய சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே பழக்கம் படிப்பது. ஒரே சிநேகிதி, அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரியான அஸ்மத்.

வேலையில் இருந்த காலத்தில் இருவரும் சேர்ந்துதான் மாத நாவல்கள் வாங்குவார்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசுவார்கள். ஆதிலட்சுமிக்குக் கடைசிப் பக்கத்தில் கல்யாணம் நடக்க வேண்டும். அஸ்மத்துக்கு முதல் பக்கத்திலேயே கொலை விழ வேண்டும்.

"ஒரு பொணம்கூட இல்லாம எப்பிடிடி இத்தினி பக்கம் படிக்கிற?" என்பாள் அஸ்மத்.

"சோறு துன்ற நேரத்துல பொணத்தப் பத்திப் பேசாத. அந்த ஊறுகாயக் குடு."

அஸ்மத்தின் கணவர் இறந்ததும், ஓசூரில் வேலை பார்த்த மகன் ஃபைஸ் அவளைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டான். பஸ் ஏறும்போது அஸ்மத் அழவில்லை. "ஞாயித்துக்கெழம போன் பண்ணு. என்ன படிச்சேனு சொல்லணும், ஆமா" என்று மட்டும் சொன்னாள். ஆதிலட்சுமி அதிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை. மற்ற நாட்களில் பால்காரரிடமும் காய்கறி வண்டிக்காரரிடமும் பேசுவதுதான் பேச்சு. சில நாட்களில் சாயங்காலம் தொண்டையைச் செருமினால் தன் குரலே அவளுக்குப் புதிதாகக் கேட்கும்.

ஒரு பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டத்தால் ஊரே அடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு காதல் நாவலைப் பிரித்தாள். முன்பெல்லாம் சோற்றை அடுப்பில் மறந்துவிட்டுப் படித்த மாதிரியான கதைதான். கதாநாயகிக்கு இன்னும் இருபத்திரண்டு வயதுதான். மழையில் நனைந்துகொண்டு அழுதாள். இந்தப் பெண் தலையைத் துவட்டிக்கொண்டு ஏதாவது வேலைக்குப் போனால் என்ன என்று ஆதிலட்சுமிக்குத் தோன்றியது. நாலாவது அத்தியாயத்தில் மூடி வைத்தவள், அப்புறம் அந்த மாதிரிப் புத்தகங்களை எடுக்கவே இல்லை. நூலகத்தில் வேறு அலமாரிகளின் பக்கம் போனாள். எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் நினைவுகள், மலைப் பாதைகளில் தனியாக நடந்தவரின் பயணக் கதை என்று, பெரிதாக எதுவும் நடக்காத புத்தகங்களே அவளுக்குப் பிடித்துப் போயின.

அஸ்மத்திடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "உனக்கு வயசாயிடுச்சு, ஆதி."

ஆனால் கொஞ்ச காலத்தில் அஸ்மத்தின் ரசனையும் மாறியது. போனில் அவள் சொன்ன கதைகளில் கொலை இல்லை, துப்பறிகிறவர் இல்லை.

"நாலாவது மாடியில ஒருத்தி இருக்கா" என்று ஒரு ஞாயிறு ஆரம்பித்தாள். "பகல்லாம் தனியா இருப்பா. படிக்கட்டுல யார் ஏறினாலும் செருப்புச் சத்தத்தை வெச்சே இன்னார்னு சொல்லிடுவா. எல்லார் வூட்டுக்கும் யாராச்சும் வர்றாங்க. அவ வூட்டுக் கதவுகிட்ட மட்டும் ஒரு சத்தமும் நிக்கமாட்டேங்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ்ளோதான். தெனமும் கேட்டுக்கினே இருப்பா."

ஆதிலட்சுமிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. "எவ்ளோ நல்லா எழுதியிருக்காங்கடி! யார் எழுதினது?"

"அட்டை கிழிஞ்சிருக்கு. பேரு தெரியல" என்றாள் அஸ்மத்.

அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் சில கதைகள் வந்தன. வீட்டில் எல்லாரும் வேறு பாஷையில் பேசிச் சிரிக்கும்போது, காரணம் தெரியாமலே கூடச் சிரிக்கிற ஒரு கிழவியின் கதை. பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் அவர்களுடைய பொம்மைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிற ஒருத்தியின் கதை. ஆதிலட்சுமி வாரம் முழுக்க அவற்றையே நினைத்துக்கொண்டிருப்பாள். கடைசியில் தன் ரசனையும் அஸ்மத்தின் ரசனையும் ஒன்றாகிவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம். நூலகத்தில் தேவிப்ரியா என்ற பெண்ணிடம் கதைகளைச் சொல்லித் தேடச் சொன்னாள். அவளும் பொறுமையாகத் தேடிப் பார்த்தாள்.

"இந்த மாதிரிப் புக்கு எதுவும் எங்ககிட்ட இல்ல, மேடம். உங்க ஃப்ரெண்டுகிட்டயே வாங்கிப் படிச்சிடுங்களேன்."

அது நல்ல யோசனையாகப் பட்டது. சொல்லாமல் போய் நின்றால் அஸ்மத் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்துக்கொண்டு, பையில் இரண்டு புத்தகங்களோடு ஓசூர் பஸ்ஸில் ஏறினாள்.

நாலாவது மாடி. படியேறும்போது ஆதிலட்சுமிக்கு எதுவும் உறைக்கவில்லை; மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். மருமகள் ரூக்ஸார் கதவைத் திறந்தாள். அன்று அவளுக்கு அலுவலகம் விடுமுறை.

"வாங்க ஆன்ட்டி, உக்காருங்க. மாமி தொழுதுக்கினு இருக்காங்க, வந்துடுவாங்க." ரூக்ஸார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆதிலட்சுமி பையிலிருந்து எடுத்து வைத்த புத்தகங்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "இது மாமிக்கா?"

"ஆமாம்மா. அவ இப்ப படிக்கிறாளே, அந்த மாதிரிதான்."

ரூக்ஸார் குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட சொல்லலியா, ஆன்ட்டி? மாமிக்கு ரெண்டு கண்ணுலயும் பிரஷர் ஜாஸ்தியாயிடுச்சு. போன வருஷமே எழுத்து தெரியாமப் போச்சு. ஆள் நின்னா நிழல் மாதிரி தெரியுமாம். டாக்டர் இதுக்கு மேல பார்வை வராதுனு சொல்லிட்டாரு."

ஆதிலட்சுமி கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். போன வருஷத்திலிருந்து அவள் கேட்ட கதை ஒன்றுகூடப் புத்தகத்தில் இருந்ததில்லை.

அஸ்மத் சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். ஆதிலட்சுமியின் குரல் கேட்டதும் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே, ரூக்ஸார் சொல்லியிருப்பாள் என்று புரிந்து சுருங்கியது. ரூக்ஸார் டீ போட உள்ளே போனாள்.

"ஏன்டி சொல்லல?" என்றாள் ஆதிலட்சுமி.

"என்னானு சொல்றது? போன் எடுத்ததும் என்ன படிச்சேனுதான் கேப்ப. ஒண்ணும் படிக்கலனா அப்புறம் பேச என்ன இருக்குது நமக்கு? ரெண்டு வாரம் ஒடம்பு எப்பிடி இருக்குனு கேப்ப. அப்புறம் அதுவும் கம்மியாயிடும்."

"நான் அப்பிடிப் பண்ணுவனா?"

"தெரியல. பயமா இருந்துச்சு."

"அந்த நாலாம் மாடிக்காரி..."

"நான்தான். வேற யாரு? எனக்குக் கதை கட்டவா தெரியும்? நடந்ததத்தான் சொன்னேன்."

நல்லா எழுதியிருக்காங்க என்று தான் மெச்சிக்கொண்டது ஆதிலட்சுமிக்கு நினைவு வந்தது. சிநேகிதி தன் தனிமையை வாரா வாரம் எடுத்து நீட்டியிருக்கிறாள். ஆதிலட்சுமியோ அதை ரசித்துக் கேட்டு, அடுத்தது எப்போது என்று காத்திருந்திருக்கிறாள். அஸ்மத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீ வந்தது. குடித்து முடித்த பிறகு ஆதிலட்சுமி, "இனிமே நான் படிச்சுக் காட்டறேன். போன்லதான். இந்தத் தோட்டக்காரர் புக்கு ரொம்ப நல்லாருக்கும்" என்றாள்.

"தனியா ஒக்காந்து யோசிக்கிறவங்க கதை எனக்கு வேணாம்" என்றாள் அஸ்மத். "அது என்கிட்டயே வேணுங்கற மட்டும் கெடக்குது. எனக்குக் கொலை வேணும், ஆதி. போலீஸ் வரணும், யாராச்சும் தப்பிச்சி ஓடணும்."

இப்போது ஞாயிறு மதியங்களில் ஆதிலட்சுமி போனை மேஜைமேல் சாய்த்து வைத்து, தனக்குத் துளியும் பிடிக்காத கொலை நாவல்களை உரக்கப் படிக்கிறாள். அஸ்மத் நடுவில் நிறுத்தி, கொலைகாரன் இன்னார்தான் என்று அடித்துச் சொல்வாள். பெரும்பாலும் தப்பாகவே இருக்கும். தனக்காகப் படிக்கிற புத்தகங்களைப் பற்றி ஆதிலட்சுமி யாரிடமும் பேசுவதில்லை. பிடித்த பக்கம் வந்தால் அங்கேயே விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் மேலே படிப்பாள்.

முன்போல அஸ்மத்தால் நெடுநேரம் விழித்திருந்து கேட்க முடிவதில்லை. சில வாரங்களில், பிணம் கிடைத்து போலீஸ் வருவதற்குள், மறுமுனையில் மெல்லிய குறட்டை கேட்கும். ஆதிலட்சுமி போனை வைப்பதில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, அத்தியாயம் முடியும் வரை படித்துக்கொண்டிருப்பாள்.