யார் கைக்கும் அகப்படாத தலை

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் பள்ளி மைதானத்தில் காலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது செல்வி போன் செய்தாள். எங்கள் பழைய கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர் அவள். "கஸ்தூரி, எஸ்தர் பூட்டாடி" என்றாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. யார் அடித்தார்கள் என்றுதான் கேட்டேன். எஸ்தரை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வினோதமாகப் படாது.

யாரும் அடிக்கவில்லை. முந்தின நாள் சித்தூரில் பழைய ஆட்டக்காரிகள் சேர்ந்து வேடிக்கைக்காக ஓர் ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். வேடிக்கைக்கு ஆட எஸ்தருக்கு எப்போது தெரியும்? ஓரத்திலிருந்து உயரமாக வந்த பந்துக்கு எம்பியிருக்கிறாள். பந்து வலைக்குள் போனது, தலை கோல் கம்பத்தில் மோதியது. மண்டை பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தபோதும் "கோலுதானே?" என்று கேட்டாளாம். தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் சாயங்காலம் வாந்தியெடுத்து விழுந்தாள். அதன்பின் எழுந்திருக்கவில்லை.

அவளோடு ஆடியவர்களே, அவளிடம் உதை வாங்கியவர்களே, அவளைப் பற்றிச் சாந்தமானவள், பொறுமைசாலி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து என் கணுக்காலில் உதைப்பாள்.

நான் அவளை முதலில் பார்த்தது சித்தூரில், கல்லூரிப் போட்டியில். நான் புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், தடுப்பாட்டக்காரி. ஃபார்வர்டை நிறுத்துவது என் வேலை. எதிரணி ஃபார்வர்டுக்கோ இடுப்பு வரை பின்னல். நான் வேறென்ன செய்வேன்? ரெஃப்ரி திரும்பிய சமயம் பார்த்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தேன். மல்லாக்க விழுந்தாள். எழுந்து முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, "முடியத்தானே புட்ச்சே? இப்போ காலப் புடி, பாக்கலாம்" என்றாள். அடுத்த பந்திலேயே என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கோல் அடித்தாள்.

இடைவேளையில் அவள் அண்ணன் டேவிட் மைதானத்துக்குள் வந்தான். சபையில் மதிப்பான குடும்பம். அந்த வீட்டுப் பெண் அரைக்கால் டிராயரோடு ஊர் பார்க்க ஓடுகிறாள் என்று யாரோ அவனிடம் வத்தி வைத்திருக்கிறார்கள். வந்த வேகத்தில் பின்னலைப் பிடித்தான், இழுத்துக்கொண்டே கேட் வரைக்கும் போனான். அவள் குதிகால் இரண்டும் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே போயின. நான் இழுத்தால் ஃபவுல், அண்ணன் இழுத்தால் குடும்ப விவகாரம். அத்தனை பேரும் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த மாதம் திருப்பதியில் இறுதி ஆட்டம். எஸ்தர் வரமாட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வந்தாள், மொட்டைத் தலையோடு. வீட்டுக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முடி வெட்டும் கடைக்குள் நுழைந்து, சிரைத்துவிடச் சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் "மொக்காம்மா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டுதலா என்று அர்த்தம். "ஆமா, மொக்குதான்" என்றிருக்கிறாள் இந்தப் புண்ணியவதி. அவர் பயபக்தியோடு சிரைத்து, வழக்கப்படி சந்தனமும் பூசி அனுப்பிவிட்டார்.

சந்தனம் பூசிய மொட்டைத் தலையைத் திருப்பதியில் யார் சந்தேகப்படுவார்கள்? மலையிலிருந்து நேரே இறங்கி ஆட வந்திருக்கிறாள் என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் முதல் கோல் அடித்ததும் "கோவிந்தா! கோவிந்தா!" என்று மைதானமே அதிர்ந்தது. சித்தூர் சபைப் பெண் எஸ்தருக்குக் கோவிந்தா! நான் பழக்கதோஷத்தில் அவள் பிடரிக்குக் கையை நீட்டினேன். வழுக்கிக்கொண்டு போனது. பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. அடுத்த பந்துக்கு இருவரும் எம்பினோம். அவள் முழங்கை என் மூக்கில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

சட்டையெல்லாம் ரத்தமாக ரெஃப்ரியிடம் ஓடினேன். அவர் என் மூக்கைப் பார்க்கவில்லை, அவள் தலையைப் பார்த்தார். "தலநீலாலு இச்சின பில்ல கொடுதுந்தா?" என்று என்னையே அதட்டினார். சாமிக்கு முடி கொடுத்த பெண் அடிப்பாளா என்று கேட்கிறார்! அடித்தவள் தரையைப் பார்த்துக்கொண்டு அப்படி ஒரு பவ்யமாக நின்றாள். கார்டு இல்லை, எச்சரிக்கைகூட இல்லை. நாங்கள் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தாள். "வலப்பக்கம் சாஞ்சிக்கீதுடி, இரு, நிமித்தறேன்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டாள். உயிர் போய் வந்தது. மூக்கு இடப்பக்கம் சாய்ந்துகொண்டது. "கொஞ்சம் ஓவராப் பூட்ச்சி" என்று சிரித்தாள். அவளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. அன்று முதல் நாங்கள் சிநேகிதிகள்.

வீட்டில் டேவிட் பெல்ட்டை உருவினான். முதுகு கிழிந்த தழும்புகளை அவள் எனக்குக் காட்டியிருக்கிறாள். சபையிலும் விசாரணை வைத்தார்கள், அந்நிய தெய்வத்துக்கு முடி கொடுத்தாளா என்று. அவள் போதகரிடம் சொன்னதை அவளே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்: "ஐயா, நான் முடிய எந்தச் சாமிக்கும் குடுக்கல. டேவிட் கையிலிருந்து புடுங்கிக்கினேன், அவ்ளோதான்." போதகர் நல்ல மனிதர். ஜெபம் செய்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவள் முடி வளர்க்கவே இல்லை. கொஞ்சம் முளைத்தாலும் சிரைத்துவிடுவாள்.

பிறகு பெங்களூரில் ஒரு கிளப் எங்கள் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. பல வருஷம் ஒரே அறை. பயிற்சியில் நான் தயங்கினால் அவளுக்குக் கோபம் வரும். "நெஜமா அடிடீ. மேட்ச்ல வர்றவ எனக்கு இன்னா சொந்தமா?" என்பாள். ஓர் ஆட்டத்தில் விழுந்து கிடந்தவள் கையை ஒருத்தி பூட்ஸால் மிதித்து நசுக்கினாள். விரல் இரண்டு முறிந்தன. மருத்துவர் வருவதற்குள் டேப் சுற்றிக்கொண்டு எழுந்து, அந்தப் பெண்ணை இடித்துச் சாய்த்து, முட்டியால் பந்தை உள்ளே தள்ளினாள். ராத்திரிச் சோற்றை நான்தான் பிசைந்து ஊட்டினேன். "கோலுக்கிட்ட வான்னு நம்மள யாரும் கூப்புட மாட்டாங்கடி, இட்ச்சிக்கினுதான் போவணும்" என்று சோறு தின்றுகொண்டே சொன்னாள். அவள் படம் பேப்பரில் வரத் தொடங்கியதும் டேவிட் அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

சித்தூரில் சபைக் கோயிலில் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வெள்ளைப் புடவை கட்டியிருந்தார்கள், சரி. தோள் வழியாக மார்பில் நீளமாக ஒரு பின்னல் கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டேவிட் சவுரி வாங்கி வந்து, வெள்ளை முக்காட்டோடு சேர்த்துக் குத்தி, பூவும் வைத்திருந்தான். "எங்க வூட்டுப் பொண்ணு மொட்டையா போவக் கூடாது. நல்லபடியா அனுப்பணும்" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் பெட்டியருகே போய்ப் பின்னலைப் பிடித்தேன். டேவிட் என் மணிக்கட்டை முறுக்கினான். "கைய உடுடா" என்றேன். "ஒரு தபா நான் இழுத்தேன், ஒரு தபா நீ இழுத்தே. இனிமே எவனும் இழுக்கக் கூடாதுன்னுதான் அவ சிரைச்சிக்கினா. செத்தப்புறம் அத அவ தலையிலேயே கட்றியா?" அவன் அடிக்கக் கையை ஓங்கினான். நான் முகத்தைத் திருப்பவில்லை. எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. செல்வியும் பழைய ஆட்டக்காரிகளும் தோளோடு தோள் சேர்ந்து சுவர் போல நின்றுவிட்டார்கள், ஃப்ரீகிக்குக்கு நிற்கிற மாதிரி. ஓங்கிய கை அப்படியே கீழே இறங்கியது.

இழுத்தேன். ஊசிகள் தெறித்தன, சவுரி முக்காட்டோடு கையில் வந்தது. தையல் போட்ட மொட்டைத் தலை, எங்கள் எஸ்தர். போதகர் பைபிளிலிருந்து நிமிர்ந்து பார்த்தார், பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தார். அப்படியே மூடினார்கள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த மூக்குதான். போட்ட கண்ணாடி இடப்பக்கமாகச் சரிகிறது. ஆபரேஷன் செய்து நேராக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். கண்ணாடியை மேலே தள்ளும்போதெல்லாம் அவள் கட்டைவிரல் வந்து அழுத்துகிறது. வலிக்கத்தான் செய்கிறது. இதில் இனி யாரும் கை வைக்க வேண்டாம்.