முன்பக்கம் வந்த கழிப்பறை

போன மாதம் செக்கிஞ்சானுக்கு மீன் வாங்கப் போகும் வழியில், எங்கள் பழைய பட்டணத்தில் வண்டி நின்றுவிட்டது. பஸ் நிலையத்தைச் சுற்றித் தகர வேலி போட்டுப் பாதையைப் பாதியாகக் குறுக்கியிருந்தார்கள். வேலியில் ஆள் உயரத்துக்குப் படங்கள் இருந்தன. புதிய பஸ் நிலையம், கூரை போட்ட நடைபாதை, நிழல் மரங்கள், சைக்கிளில் ஒரு குடும்பம். படத்தில் இருந்தவர்கள் யாருக்கும் வியர்க்கவில்லை. வேலிக்கு மேலே பழைய கட்டடத்தின் கூரை பாதி போய், வெறும் கம்பிகள் தெரிந்தன.

பட்டணத்தின் பெயர் வேண்டாம். கோல சிலாங்கூருக்கு வடக்கே, கடலோரமாக என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் அந்தக் காலத்து ஆட்கள் போன் போட்டுத் தப்புத் திருத்துவார்கள். எனக்கு இருக்கிற ஞாபகமே கொஞ்சம்.

அந்தக் கட்டடத்தை வரைந்தவள் நான். இப்படிச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சரி, வரைந்தது தவுக்கே. அதாவது என் முதலாளி. அவர் பென்சிலில் போட்ட கோட்டின்மேல் மை ஓட்டியவள்தான் நான். எண்பதுகளின் தொடக்கம். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த கையோடு, ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்த பிளான் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தவுக்கே, கடிதங்கள் தட்டச்சு செய்யும் அவர் மனைவி, நான். மொத்தம் மூன்று பேர்.

பிளானுக்கு நகல் எடுக்க அங்கே ஓர் இயந்திரம் இருந்தது. அமோனியா ஆவியில்தான் நகல் விழும். மூக்கைப் பிடுங்கிக்கொண்டு போகிற அந்த வாடை துணியில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. சாயங்கால பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழுந்து வேறு இடம் தேடுவார். எனக்குத் தாராளமாக இரண்டு இருக்கை கிடைக்கும். 'கழுவாத கக்கூஸ் மாதிரி நாறுது' என்று ஒரு கண்டக்டர் என் காதுபடவே சொன்னார். ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண் என்று எங்கள் ரப்பர் தோட்டத்தில் எனக்கிருந்த பெருமை, பஸ்ஸுக்குள் இவ்வளவுதான்.

அவர் சொன்ன கழுவாத கக்கூஸ்கூட அன்றைய பஸ் நிலையத்தில் இல்லை. நிலையம் என்பதே பெரிய வார்த்தை. பாசார் என்கிற சந்தைக்கும் கடைவரிசைக்கும் நடுவே ஒரு மண்திடல், அதில் நாலு கால் நட்டுப் போட்ட தகரக் கூரை, இரண்டு பலகை. கிள்ளான் பஸ், பாகான் நக்கோடா ஓமார் பஸ், எங்களுடைய தோட்டத்து பஸ் எல்லாம் நினைத்த இடத்தில் நிற்கும். மழை பெய்தால் எங்கே சேறு, எங்கே சாக்கடை என்று தெரியாது. டீசல் புகையும் ஜெராமிலிருந்து வந்த கருவாட்டுக் கூடைகளின் வாடையும் கலந்து அடிக்கும்.

ஆண்களுக்கு அது ஒரு கஷ்டமில்லை. கடைச்சந்துக்குள் போய்த் திரும்பிவிடுவார்கள். தோட்டத்துப் பெண்கள் பாசாருக்குப் பின்னால், ஒருத்தி குடையை விரித்து மறைத்துப் பிடிக்க, இன்னொருத்தி ஒதுங்கவேண்டும். பகல் கூட்டத்தில் அதற்கும் வழியில்லை. அதனால் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் வைத்திருந்தார்கள். பட்டணத்துக்கு வருகிற நாளில் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார்கள்.

எங்கள் லெட்சுமி அண்ணியும் அப்படித்தான். அம்மா தவறிய பிறகு எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் எனக்கிருந்த ஒரே பெண்துணை அண்ணி. அண்ணன் பால்மரம் வெட்டப் போய்விடுவான். எனக்குச் சோறு கட்டிக் கொடுத்து, 'பாப்பா, பஸ் வந்துரும், ஓடு' என்று விரட்டுவது அண்ணிதான். முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது உண்டாகி ஏழு மாதம் நடந்தது. புதன்கிழமைதோறும் பட்டணத்துக் கிளினிக்குக்கு வரவேண்டும். கிளினிக்கில் கழிப்பறை உண்டு. ஆனால் அது பஸ் நிலையத்திலிருந்து ஒரு மைல். பத்து மணிக்கு அங்கே வேலை முடிந்து நடந்து வந்தால், திரும்பும் பஸ் ஒன்றரைக்கு. சில நாள் மூன்றுக்கு. அதன்பிறகு ஒரு மணி நேரம் மண்பாதையில் குலுங்கவேண்டும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். என் ஆபீஸ் மாடியில் கழிப்பறை இருந்தது. சுத்தமானது, உள்ளே தாழ்ப்பாள் போட்டது. அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் பலகையில் உட்கார்ந்திருக்கும் அண்ணி தெரிவார். ஒருநாளும் நான் மேலே கூப்பிட்டதில்லை. கைலியும் ரப்பர் சிலிப்பருமாக அண்ணி படியேறி வந்தால் தவுக்கேயின் மனைவி என்ன நினைப்பார் என்று எனக்கு வெட்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். அதையே பெரிய பாசமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் நிலையத்தைப் புதிதாகக் கட்டும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. திடலுக்குச் சிமெண்டுத் தரை, டிக்கெட் கவுண்டர், காத்திருக்கும் கூடம், இரண்டு சின்னக் கடைகள், பாசார்வரை கூரை போட்ட நடைபாதை, அங்சானா மரத்தைச் சுற்றி உட்காரும் மேடை. தவுக்கே அழகாகத்தான் போட்டிருந்தார். கழிப்பறையை மட்டும் கடைசியில், பஸ்கள் திரும்பும் இடத்தையும் பட்டறையையும் தாண்டி, ஓடைக்கரையில் வைத்திருந்தார். இவ்வளவு தூரமா என்று கேட்டேன்.

"முன்னாடி வச்சா நாத்தம் வரும்லா," என்றார். "பின்னாடியே இருக்கட்டும்."

சரி என்று மை ஓட்டினேன். 'பெரெம்புவான்' என்று, பெண்கள் என்பதற்கான மலாய்ச் சொல்லை அந்தக் கட்டத்துக்குள் முத்து முத்தாக எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று தள்ளி நின்று ரசிக்கவும் செய்தேன்.

அடுத்த புதன்கிழமை மதியம் கீழே போனபோது அண்ணி பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. கையைத் தொட்டால் கொதித்தது.

"ஒண்ணும் இல்ல பாப்பா. வெயிலு," என்றார். எழுந்து நிற்கப் பார்த்தவர் அப்படியே என்மேல் சரிந்தார். எனக்குத் தாங்கமுடியவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்கார டாக்சி ஓட்டுநர் ஓடிவந்து தூக்கி, வண்டியில் ஏற்றினார். தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேரும்வரை அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. அவர் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, பிள்ளை அசைகிறதா அசைகிறதா என்று பார்த்தபடியே போனேன். எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் தீர்ந்துவிட்டது.

சிறுநீரில் கிருமி ஏறி, காய்ச்சலாகியிருக்கிறது என்றார் டாக்டர். தமிழ் டாக்டரம்மாதான். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்றார். அண்ணிக்குக் கண் தெளிந்ததும், ஒருநாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"வீட்ல இருந்தா நல்லா குடிப்பேன் டாக்டர். டவுனுக்கு வர்ற நாள்ல குடிக்கிறதில்ல."

"ஏன்?"

அண்ணி என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அந்த முத்து முத்தான எழுத்து ஞாபகம் வந்தது. நிறைமாதக்காரி ஒருத்தி அத்தனை பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து, பட்டறை ஆட்களைக் கடந்து, ஓடைக்கரைக்கு எப்படிப் போவாள்? போகமாட்டாள். தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நர்ஸ் ஒரு குழலை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். அண்ணன் சுவரோரம் திரும்பி நின்றுகொண்டான்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று தவுக்கே வெளியே போயிருந்தார். டிரேசிங் தாளில் மை தப்பாகப் போனால் சவர பிளேடால் மெல்லச் சுரண்டி எடுப்போம். பிளேடை எடுத்து ஓடைக்கரைக் கழிப்பறையைச் சுரண்டினேன். டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் இருந்த இரண்டாவது கடையையும் சுரண்டினேன். அவசரத்தில் அழுத்திவிட்டதில் கடை இருந்த இடத்தில் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றியே புதிய கழிப்பறையை வரைந்துகொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

தவுக்கே வந்து மேசையருகே நின்றார். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். தமிழில் சொல்கிறேன்.

"இங்க ஒரு கடை இருந்துச்சே?"

"எடுத்துட்டேன் தவுக்கே."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"சரி, பைப் எங்க போவும்? டிக்கெட் வாங்குறவன் காலுக்குக் கீழயா?"

பைப்பைப் பற்றி நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. இரண்டு வருஷம் பிளான் வரைந்தும், கழிப்பறை என்றால் கதவும் சுவரும் மட்டும்தான் என்று நினைத்திருக்கிறேன். வேலை போய்விட்டது என்று தெரிந்தது. போகிற வேலைதானே என்று அண்ணி விழுந்ததைச் சொன்னேன். டாக்டரம்மா கேட்டதையும் அண்ணி சொன்ன பதிலையும் சொன்னேன். மேலே கூப்பிடாமல் இருந்ததையும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. தவுக்கேயின் மனைவி எழுந்து வந்து, ஹொக்கியன் சீனத்தில் அவரிடம் நெடுநேரம் ஏதோ பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தவுக்கேயின் காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது. பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பி, மலாயில், "அவருக்கு என்ன தெரியும். ஆம்பள. சுவர் இருந்தா போதும்," என்றார். "அடுத்த வாரம் அண்ணிய மேல கூட்டிட்டு வா."

தவுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு, புதுத் தாள் ஒன்றை விரித்து, பென்சிலை எடுத்தார். குழாய் போகிற வழியை நடைபாதைக்கு அடியில் கொண்டுபோனார். நாற்றம் வராமல் இருக்க மேலே காற்றுப்போக்கி வைத்தார். கதவை எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்டார்.

பிளானைக் காட்ட, அனுமதி தரும் அதிகாரியிடம் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏன் முன்பக்கம் என்று கேட்டால் சொல்வதற்கு, மலாயில் ஒரு பக்கப் பேச்சை மனப்பாடம் செய்திருந்தேன். அதிகாரி பிளானை இரண்டு முறை பார்த்தார். மழைநீர்க் கால்வாய் எவ்வளவு அகலம் என்று கேட்டார். "போலே," ஆகட்டும், என்று கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். என் பேச்சு இன்றுவரை வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

அண்ணி அடுத்த வாரத்திலிருந்து மாடிக்கு வந்தார். தவுக்கேயின் மனைவி அவருக்கு நாற்காலி போட்டு, பெரிய கிளாசில் தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பார். பிள்ளை மாதம் நிறைந்து பிறந்தது. பெண். ஆஸ்பத்திரியையே எழுப்புகிற அழுகை. பக்கத்துக் கட்டில்காரிகள் முகம் சுளித்தார்கள். அண்ணனும் நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நிம்மதியாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

பஸ் நிலையம் திறந்தபோது அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். முதல் வாரமே அண்ணி வந்தார். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவர் சீக்கிரம் திரும்பவில்லை. தண்ணீர் வரவில்லையோ, தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டதோ என்று எனக்குக் கவலை. முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு வந்தார்.

"கண்ணாடி வச்சிருக்காங்க பாப்பா. யாரும் கதவத் தட்டல," என்றார்.

எதிரே இருந்த வண்டியில் ஒரு கிளாஸ் கரும்புத் தண்ணீர் வாங்கி, பஸ் வருவதற்குக் கால் மணி இருக்கும்போது, நின்றபடியே முழுவதும் குடித்தார். பட்டணத்தில் அண்ணி கடையில் வாங்கிக் குடித்து நான் பார்த்தது அன்றுதான். இன்னொரு கிளாசும் கேட்டார்.

அந்தக் கட்டடம் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நின்றது. கடைசியில் ஒழுகியது, ஓடுகள் பெயர்ந்தன. தவுக்கேயும் அவர் மனைவியும் போய்விட்டார்கள். சைக்கிள் கடை மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. எங்கள் லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. பாசாருக்குப் பின்னால் குடை பிடித்து நின்ற பெண்கள், அப்படி நின்றதைத் தங்கள் பேத்திகளிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லாமலே மறைந்துபோகட்டும்.

அண்ணி இப்போது மகளோடு சுங்கை சோவில் இருக்கிறார். வண்டி நகர்ந்ததும் போன் செய்தேன்.

"நம்ம பஸ் ஸ்டேசன ஒடைக்கிறாங்க அண்ணி."

"ஒடைக்கட்டும்லா. பழசாச்சு," என்றார். பிறகு, "புதுசுல பொம்பளைங்களுக்கு எங்க வச்சிருக்கான்?"

"தெரியல அண்ணி."

"போயி கேளு. நீதான பிளான் பாக்கத் தெரிஞ்சவ."

வீட்டுக்காரரை வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, வேலிக்குள் போனேன். தலையில் மஞ்சள் தொப்பி போட்ட சின்னப் பெண் ஒருத்தி, இஞ்சினியராம், கையிலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினாள். முன்பக்கம் பெண்களுக்கு எட்டு. பக்கத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தனி அறை. திரும்பி வந்து அண்ணியிடம் சொன்னேன்.

"பால் குடுக்கவா? தனியாவா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"அப்ப சரி," என்று போனை வைத்தார்.