வெண்ணெய்க் கை

வெர்லின் ஹாஸ்கெட் ஓடிச் சம்பாதித்த பெயரைவிடப் பேசிச் சம்பாதித்த பெயர்தான் பெரிது. ஓடினபோது முழங்கால் போனது. பேச உட்கார்ந்தபோது தொப்பை வந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் வெள்ளிக்கிழமைதோறும் மைதானத்து ஒலிபரப்பு அறையின் மரப்படிகளில் தூக்கிக்கொண்டு ஏறுவார்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், சோளக்காட்டுக்கு நடுவே உள்ள ஊர் அது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் பள்ளிக்கூடக் கால்பந்து ஆட்டம் என்றால் பாதி ஊர் படிவரிசையில் உட்காரும். மீதி ஊர் வேலியைச் சுற்றி வண்டிகளை நிறுத்தி, ரேடியோவைத் திருகிவிட்டு, இருக்கையில் சாய்ந்தபடியே பார்க்கும். நம்ம பையன் கடைசிக் கோட்டைத் தாண்டினால் எல்லா ஹாரனும் ஒன்றாக அலறும். அந்த ரேடியோவில் வருவது வெர்லின் குரல். அவர் ஒன்றைச் சொன்னால் ஊரே சொன்ன மாதிரி.

ஒரு காலத்தில் அவரும் பந்தை இடுக்கிக்கொண்டு பெரிய அணியில் ஓடினவர். மூன்றாம் பருவத்தில், கோட்டுக்குப் பக்கத்தில் பந்து நழுவியது. டிவியில் பேசிக்கொண்டிருந்த ஒருவன் ‘வெண்ணெய்க் கை, எதுவும் நிற்காது’ என்றான். அணி அவரை வீட்டுக்கு அனுப்பியது. பெயர் மட்டும் கூடவே வந்தது. ரொம்ப நாள் வரை கடையில் வெண்ணெய் எடுக்கக்கூட மனைவியைத்தான் அனுப்பினார்.

அப்படிப்பட்டவர் அந்த வெள்ளிக்கிழமை செய்த காரியம் இது.

ஓடும் பையன் டால்டன் குசேரா. அவனுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டியவன் பிரைஸ். கொடுப்பவன் பந்தை ஓடுபவன் வயிற்றில் வைத்து அழுத்த வேண்டும். ஓடுபவன் குனிந்து பார்க்கக் கூடாது. எதிரே எங்கே சந்து திறக்கிறது என்று பார்த்துக்கொண்டு, கைகளை விரித்தபடி, பந்து வந்து உட்காரும் என்று நம்பி வருவான். பிரைஸ் அதை நெஞ்செலும்பில் கொண்டுபோய் இடித்தான். பந்து துள்ளி விழுந்தது. எதிரணி அமுக்கிக்கொண்டது.

ஊருக்குத் தெரிந்தது டால்டன் பந்தைக் கீழே போட்டுவிட்டான் என்பதுதான். வெர்லினுக்கு உண்மை அந்தக் கணமே தெரியும். ஆனால் ஒலிபரப்புக்கு விளம்பரம் தருவது டிராக்டர் கடைக்காரர். பிரைஸ் அவர் பெற்ற பிள்ளை. வாய் முந்திக்கொண்டது.

“டால்டன் கையில வெண்ணெய் போலிருக்கே. அம்மா கடையில ரொட்டிக்குத் தடவின மிச்சமா இருக்கும்.”

பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி சொல்லும் ரஸ் மூக்கால் சிரித்தான். வேலியோரத்தில் ஹாரன்கள் விட்டுவிட்டு ஒலித்தன. வண்டிகள் சிரித்தால் அப்படித்தான் இருக்கும்.

டால்டனின் அம்மா லோர்னா, வெர்லினோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஒலிபரப்பு அறைக்குக் கீழேயே சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாள். அங்கேயும் ரேடியோ உண்டு. இடைவேளையில் வழக்கம்போல ஒரு கோப்பை மிளகாய் பீன்ஸும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

“ஸ்பூன் எங்க, லோர்னா?”

“வெண்ணெய்க் கைக்கு ஸ்பூன் எதுக்கு? வழுக்கிடும்.”

ரஸ் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் குடித்தான்.

“சும்மா தமாஷுக்குச் சொன்னேன்...”

“என் பிள்ளை போட்டான், சரி. திட்டு. வேணாம்னு சொல்லல. ஆனா உன்னை டிவியில அப்படிச் சொன்ன அன்னிக்கு ஊரே எங்க வீட்டுக் கூடத்துலதான் உக்காந்து பாத்துச்சு. ஒருத்தர் சிரிக்கல, வெர்லின்.”

அவள் இறங்கிப் போய்விட்டாள். ‘என் பிள்ளை போட்டான், சரி’ என்றாளே, அந்தச் ‘சரி’தான் அவரைக் குத்தியது. அவளும் அதை நம்பிவிட்டாள். ரொட்டியைத் தொடவில்லை.

ஆட்டம் மறுபடி தொடங்கியதும், ரஸ் நீட்டிய டிராக்டர் விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு மைக்கில் சொன்னார்:

“முதல் பாதியில நான் சொன்னது தப்பு. தெரியாம சொல்லல, தெரிஞ்சேதான் சொன்னேன். பந்து ஒசரமா வந்துச்சு. டால்டன் கை இருக்க வேண்டிய இடத்துலதான் இருந்துச்சு.”

ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறை வாசலில் காத்திருந்தார். டால்டன் ஈரத்தலையோடு வந்தான்.

“தம்பி, ரேடியோவுல சொல்லிட்டேன். உன் மேல தப்பில்ல.”

பையன் முகம் தெளியவில்லை. “ஏன் சார் சொன்னீங்க? நான் அப்பவே பிரைஸ்கிட்ட என் தப்புன்னு சொல்லி முடிச்சிட்டேன். இப்ப அவங்கப்பா வந்து எல்லார் முன்னாலயும் கத்திட்டுப் போனாரு. பிரைஸ் உள்ள அழுதுகிட்டிருக்கான்.”

பந்து விழுந்தால், யார் கை தவறினாலும், ஓடுபவன் ‘என் தப்பு’ என்பான். கொடுத்தவன் அடுத்த பந்தைக் கை நடுங்காமல் கொடுக்க வேண்டுமே, அதற்காக. எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. வெர்லினும் அதைச் சொல்லித்தான் ஓடினார். மைக் பிடித்த பிறகு எங்கேயோ நழுவவிட்டுவிட்டார்.

கதவைத் தட்டினார்.

“யாரு?” உள்ளேயிருந்து மூக்கடைத்த குரல்.

ஊரில் எந்தக் குழந்தையும் அடையாளம் சொல்லும் குரல் அவருடையது. அதை வெளியே எடுக்கக் கூசி, கதவில் கை வைத்தபடி நின்றார். டால்டன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் தப்புப்பா,” என்றார் வெர்லின்.