அம்மா ஏறாத மணமேடை

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஃபிராவ் லிண்ட்னருக்கு நகப்பூச்சு போட்டுவிட்டேன். நல்ல ரத்தச் சிவப்பு. ஃபிராவ் என்பது இங்கே பெண்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்குச் சேர்க்கும் சொல். அவருக்கு எழுபத்தெட்டு வயது. கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அன்று அவருடைய மகளுக்குக் கல்யாணம். மகளுக்கு ஐம்பத்திரண்டு வயது, இது இரண்டாவது கல்யாணம் என்பதெல்லாம் ஜெர்மனியில் யாரும் நின்று கேட்காத செய்தி. எனக்கு விநோதமாக இருந்தது வேறு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களை விரித்து ஊதிக் காயவைத்தபடி அவர் கவலைப்பட்டதெல்லாம் உதட்டுச் சாயமும் நகப்பூச்சும் ஒரே நிறமா, தொப்பி கொஞ்சம் பெரிதோ என்பதைப் பற்றித்தான். மகள் மோதிரம் மாற்றிக்கொள்ளும்போது தான் எங்கே இருப்பது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. மகளுக்குப் பக்கத்தில்தான், வேறெங்கே? பூச்சுக் குப்பியை மூடிவிட்டு, கை கழுவுகிற சாக்கில் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இங்கே கல்யாணத்துக்கு ஹோக்ட்ஸைட் என்று பெயர். பிரித்தால் 'உயர்ந்த நேரம்' என்று வரும். மொழி வகுப்பில் இதைக் கேட்டபோது, நம்முடைய முகூர்த்தமும் நேரம்தானே என்று சந்தோஷப்பட்டேன். அதே வகுப்பில் இன்னொரு சொல்லும் வந்தது: விட்வெ. கணவனை இழந்தவள். விதவை என்ற சொல்லுக்கு எங்கோ தூரத்துச் சொந்தம் போலிருந்தது. ஃபிராவ் லிண்ட்னரும் விட்வெதான், என் அம்மா அஞ்சலையும் விட்வெதான். சொல்லைக் கிட்டத்தட்ட ஒன்றாக வைத்துக்கொண்ட இரண்டு ஊர்களும், அந்தச் சொல்லுக்கு உரியவளை நிறுத்திவைத்த இடம் மட்டும் ஒன்றாக இல்லை.

போன தை மாதம் கள்ளக்குறிச்சியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அதை நானே திட்டமிட்டேன், இங்கே இருந்துகொண்டு, ஏழு மாதம். எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். கழனியில் நிமிர்ந்து நின்றால் கோட்டை மலை தெரியும். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். சொந்த நிலத்தோடு குத்தகை நிலத்தையும் சேர்த்து அம்மாவே உழுதாள். சேலத்தில் என்னை நர்சிங் படிக்க வைத்தாள். சென்னையில் ஜெர்மன் படிக்க அனுப்பினாள். நான்கு வருடத்துக்கு முன்னால் விமானம் ஏற்றிவிட்டாள். மாப்பிள்ளை இளவரசன் களமருதூர்க்காரர். இதே நகரத்து மருத்துவமனையில் வேலை. எங்களுக்குப் பிடித்துப்போனதில் இரண்டு வீட்டுக்கும் சிக்கல் இருக்கவில்லை. ஆனால் அப்பா இல்லாத பெண்ணின் கல்யாணம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பத்திரிகையில் சித்தப்பா அழைப்பார். சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்துக் கொடுப்பார்கள். அம்மா சாப்பாட்டுக்கூடத்தில் அப்பளம் எண்ணிக்கொண்டிருப்பாள். அதைத்தான் மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றியே அமைத்தேன்.

பத்திரிகையில் முதல் வரி 'திருமதி அஞ்சலை அன்புடன் அழைக்கிறார்' என்று இருக்க வேண்டும் என்றேன். அச்சகத்துக்காரர் வாட்ஸப்பில் தயங்கினார். "வழக்கமா இப்டி போடறதில்லியேம்மா. ஆம்பளைங்க பேரு யாருன்னா இல்லீங்களா?" மூன்று முறை மாதிரி அனுப்பினார், மூன்றிலும் சித்தப்பா முன்னால் வந்தார், நான்காவதில் அம்மா வந்தாள். மணமேடைக்கு பிளாஸ்டிக் பூ வளைவு வேண்டாம், எங்கள் கழனியில் அறுத்த சம்பாக் கதிரையும் தென்னங்குருத்தையும் கட்டுங்கள் என்றேன். மேடைக்கு ஏறும் படிகள் அகலமாக இருக்கட்டும், இரண்டு பேர் சேர்ந்து ஏற வேண்டும் என்றேன். அம்மாவுக்கு அரக்கு நிறத்தில், மாம்பழக் கரை போட்ட பட்டுப் புடவை எடுத்தேன். தாரை வார்க்கும்போது அம்மா தனியாக நின்று நீர் ஊற்றலாமா என்று ஐயரிடம் போனில் கேட்டேன். "மனசு ஒப்பினா பண்ணுங்கோ, நான் மந்திரம் சொல்றேன்" என்றார். இளவரசனின் அம்மாவிடம் கேட்டேன். "அது உங்க வூட்டு விசயம், எங்களுக்கு இன்னா இருக்குது" என்றார். சித்தப்பா கொஞ்சம் முனகிவிட்டு, "ஒன் இஷ்டம்மா" என்றார். ஒவ்வொரு சம்மதத்துக்கும் என் கணினி அட்டவணையில் பச்சை நிறம் அடித்தேன்.

பிர்கிட் என்னோடு வேலை செய்பவள். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, எது கஷ்டமான வேலை என்று கேட்டாள். "அம்மாவை மேடை ஏற்றுவது" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். "எங்கள் ஊரில் அவர் மேடை ஏற முடியாது." பிர்கிட் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் ஒரு சாய்தளத்தின் படம் போட்ட தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். மடக்கி எடுத்துப் போகலாமாம், சக்கர நாற்காலியும் தாங்குமாம். "முட்டி வலி உள்ளவர்களுக்கு இதுதான் நல்லது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் அம்மா தலையில் நெல் மூட்டையோடு வரப்பில் ஓடக்கூடியவள் என்று எப்படிச் சொல்வது? நன்றி சொல்லி அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் ஊருக்குப் போனேன். விருந்தில் சாமைப் பாயசம் வைக்க வேண்டும் என்பதும் என் திட்டம்தான். கடையில் வாங்கினால் கல் இருக்கும், வெள்ளிமலைக்குப் போய் வாங்கலாம் என்றாள் அம்மா. இருவரும் பஸ்ஸில் கல்வராயன் மலை ஏறினோம். வளைவுகளில் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டாள். நான் பேசிக்கொண்டே வந்தேன். எந்தப் பாட்டு முடிந்ததும் நீ படி ஏற வேண்டும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும், செம்பை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்.

"ஏம்மா, கேட்டுக்கினு வர்றியா?"

"ம். கேட்டுக்கினுதான் வர்றேன்."

"செய்வதானே?"

"நீ இன்னா சொல்றியோ அப்டியே ஆவட்டும்டி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கும் மனதுக்குள் பச்சை நிறம் அடித்தேன்.

வெள்ளிமலையில் சாமை அளந்து போட்ட பெண், எதற்கு இவ்வளவு என்று கேட்டாள். மகளுக்குக் கல்யாணம் என்றாள் அம்மா. அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு முழம் கனகாம்பரம் எடுத்து, "கல்யாண வூட்டு அம்மாக்காரி வெறுந் தலையோட இருக்கலாமா, வெச்சிக்கக்கா" என்று நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு என்னைத் திருப்பி நிறுத்தி, என் பின்னலில் வைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் மணப்பெண் அறையில் அம்மா அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் எழுந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அலங்காரம் செய்த பெண் மை கலையும் என்று திட்டினாள். மேடையில் கதிர்கள் நான் சொன்னபடியே தொங்கின, படிகள் நான் சொன்ன அகலத்தில் இருந்தன. தாரை வார்க்கும் நேரம் வந்தது. "பொண்ணோட அம்மாவைக் கூப்பிடுங்கோ" என்றார் ஐயர். ஒருவர் கூப்பிட்டார். இன்னொருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். அப்போது சித்தி படி ஏறி வந்தாள். கையில் செம்பு தயாராக இருந்தது. பின்னாலேயே சித்தப்பா. நான் சித்தியை முறைத்தேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. நீர் என் கையிலும் இளவரசன் கையிலும் விழுந்தது. கெட்டி மேளம் கொட்டியபோது நிமிர்ந்து பார்த்தேன். கடைசி வரிசைக்கும் பின்னால், சாப்பாட்டுக்கூடத்துக் கதவோரம், அரக்குப் புடவை தெரிந்தது.

சாயங்காலம் மண்டபம் காலியான பிறகு அம்மாவைத் தேடிப் போனேன். மீந்த பாயசத்தைத் தூக்குகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை.

"சித்திதானே ஒன்ன வரவேணாம்னு சொன்னா?"

"அவள ஒண்ணும் சொல்லாதடி. நாந்தான் அவகிட்ட போன வாரமே செம்ப குடுத்து வெச்சேன். வேணாம் வேணாம்னு அழுதா."

"ஏம்மா? எல்லாருகிட்டயும் பேசி வெச்சிருந்தேனே. யாரு இன்னா சொல்லிடுவாங்கன்னு பயந்த?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரும் சொல்லல. ஒனக்குக் காது குத்தினப்ப மூணு வயசு. ஒங்க அத்தைதான் ஒன்ன வளத்தவ. நான் கழனிக்குப் போனா நீ அவ இடுப்புலதான் கெடப்ப. அவ புருசன் போயி ஒரு வருசம்கூட ஆவல. சீர்த் தட்டத் தூக்கிக்கினு ஆசயா சபைக்கி வந்தா. நான் அத்தினி பேரு நடுவுல, 'நீ எடுத்துக்கினு வராத, அப்பால வெச்சிட்டுப் போ'ன்னு சொன்னேன். வெச்சிட்டுப் போய்ட்டா. அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் எந்த விசேசத்துலயும் அவ முன்னால வந்து நின்னதில்ல."

கரண்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"அவளுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமாடி? அந்தப் படியில நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஏறுவேன்?"

அத்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறாள். நான் பத்தாவது படிக்கும்போது இறந்தாள். என் மஞ்சள் நீராட்டு விழாவில் எல்லோரும் நலங்கு வைத்தபோது அவள் மாட்டுக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குக் கூச்ச சுபாவம் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஏழு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டவள் நான். ஐயரைக் கேட்டேன், சித்தப்பாவைக் கேட்டேன், மாமியாரைக் கேட்டேன். அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை. அவளிடம் சொன்னேன். பஸ்ஸில் நான் ஒரு முறை வாயை மூடியிருந்தால் அவள் இதைச் சொல்லியிருப்பாளோ என்னவோ. அப்போதும் அவள் ஏறியிருக்க மாட்டாள். ஆனால் அவள் மனதில் இருந்தது தெரிந்திருந்தால் நானாவது படி இறங்கிப் போய், அந்தக் கதவோரத்தில் அவள் காலில் விழுந்திருப்பேன்.

இங்கே திரும்பி வந்தபோது கல்யாணப் படங்களை எல்லோரும் ஆசையாகப் பார்த்தார்கள். செம்போடு நிற்கும் சித்தியைக் காட்டி, "உன் அம்மா அழகாக இருக்கிறார், படி ஏறிவிட்டாரே!" என்று பிர்கிட் கையைத் தட்டினாள். நான் திருத்தவில்லை. அதைத் திருத்த எனக்கு ஜெர்மன் போதாது. தமிழும் போதுமா என்று தெரியவில்லை. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள், இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கக்கூடும். உண்மைதான், என் கல்யாணத்தில் ஒருவரும் தடுக்கவில்லை. என்னைப்போல வெளியில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தூரத்தில் இருந்து பார்த்தால் ஊரில் மாற்ற வேண்டியதெல்லாம் தெளிவாகத் தெரியும். அங்கே இருக்கிறவர்கள் மனதில் எது யாரோடு பிணைந்து கிடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

போன வாரம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. முகூர்த்த நேரத்தில் இங்கே காலை ஆறேகால், வேலை ஆறரைக்கு. சீருடையோடு ஊழியர் அறையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். வரிசை வரிசையாக நாற்காலி முதுகுகள், பூ வைத்த பின்னந்தலைகள், குறுக்கே ஒரு தூண், அதற்கு அப்பால் கட்டைவிரல் அளவுக்கு மேடை. கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றிருந்தாள்.

"கொஞ்சம் முன்னாடி போயேம்மா, மூஞ்சி தெரியல" என்றேன்.

"இங்க இருந்தே நல்லாத்தான் தெரியுது. நீ பாரு."

சரி என்று அங்கிருந்தே பார்த்தேன். அம்மா நிற்கிற இடத்திலிருந்துதான் இனி எனக்கு எங்கள் ஊர் தெரியும் போலிருக்கிறது. பிர்கிட் காபிக் குவளையோடு உள்ளே வந்து, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாருடைய ஹோக்ட்ஸைட்?" என்று கேட்டாள். தங்கையுடையது என்றேன். அதற்குள் மேளம் உச்சத்துக்குப் போய் ஒலி உடைந்தது. அம்மாவின் வலது கை திரையின் குறுக்கே ஒரு முறை வீசி இறங்கியது. அட்சதை நாலு வரிசை தாண்டவில்லை. காலி நாற்காலிகளின்மேல் உதிர்ந்தது.

"ஒனக்கும் சேத்துதான் போட்டேன்" என்றாள்.